படியின் விளிம்பு எங்கே மறைந்தது?

கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தின் படிகளுக்குப் பச்சைப் பெயின்ற் பூசி, விளிம்புகளில் சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். பகலில் அழகாகவே இருந்தது. ஒரு நாள் பொழுதுபடும் நேரம், விளக்குப் போடுமுன், முதிய அம்மா ஒருவர் கடைசிப் படியைக் காணாமல் கால் வைத்து விழுந்தார். தொடையெலும்பு முறிந்தது. "பார்த்து இறங்கியிருக்கலாமே" என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். அவர் பார்த்துத்தான் இறங்கினார். கண்ணுக்குத் தெரியக்கூடியதாக அந்தப் படி இருக்கவில்லை.

கண் ஒரு பொருளின் விளிம்பை எவ்வாறு அறிகிறது?

நமது விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் இருவகைப்படும். கோல்கள் ஏறத்தாழ 12 கோடி. இவை மங்கிய ஒளியில் வேலை செய்வன, நிறம் அறியாதன. கூம்புகள் ஏறத்தாழ 60 இலட்சம். இவை நல்ல வெளிச்சத்தில் நிறங்களைப் பிரித்துக் காட்டுவன.

இக்கலங்கள் பெறும் ஒளியின் அளவு அப்படியே மூளைக்குப் போவதில்லை. விழித்திரையின் ஓரிடம் தூண்டப்படும்போது அயலிடங்களின் செய்தி சற்று அடக்கப்படுகிறது. இதனால் ஒரே சீரான சுவரைப் பற்றிக் கண் அதிகம் சொல்வதில்லை; வெளிச்சமும் இருளும் சந்திக்கும் எல்லையையே உரத்துச் சொல்கிறது. குதிரைலாட நண்டின் கண்ணில் இவ்வாறான அடக்குதலை ஆராய்ந்த ஹார்ட்லைன் 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூளையில் குறித்த சாய்வுள்ள கோடுகளுக்கும் விளிம்புகளுக்கும் மட்டும் துலங்கும் கலங்கள் உண்டென்று காட்டிய ஹியூபெல், வீசல் ஆகியோருக்கு 1981இல் அப்பரிசு கிடைத்தது.

அப்படியானால் நிறத்திற்கு என்ன வேலை? பச்சை இலைகளிடையே பழுத்த பழத்தைக் காட்டுவது நிறம். வீதியில் விழுந்த மரநிழலைப் பள்ளமென்று எண்ணாதிருக்கவும் அது உதவுகிறது. நிழலில் வெளிச்சம் குறைந்தாலும் தரையின் நிறம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் நுணுக்கமான விளிம்பைக் காட்டுவதில் நிறம் பலவீனமானது. வெளிச்ச அளவில் ஒத்த இரு நிறங்கள் அருகருகே இருந்தால் அவற்றின் எல்லை தெளிவற்றுப் போகும். தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் வெளிச்ச விபரத்தை நுணுக்கமாகவும் நிற விபரத்தைக் குறைவாகவும் அனுப்புவது இதனாற்றான்.

மாலையில் இன்னொன்றும் நடக்கிறது. கூம்புகள் ஓயக் கோல்கள் பொறுப்பேற்கின்றன. கோல்களுக்குச் சிவப்பொளி மிகக் குறைவாகவே படும். ஆகவே பகலில் பளிச்சென்றிருந்த சிவப்பு, கருக்கலில் கறுத்துப்போகும். இதைச் செக் நாட்டு அறிஞர் புர்கின்ஜே 1825இலேயே விபரித்தார். முதுமையில் வில்லை மஞ்சளிக்கிறது, கண்மணி சுருங்குகிறது, கண்புரையும் சேரலாம். இருண்ட பச்சைப் படியில் கறுத்த கோட்டை அந்த அம்மா எவ்வாறு காண்பார்?

நம் கோவில் மதில்களைப் பாருங்கள். வெள்ளையும் காவியுமான பட்டைகள் மங்கிய வெளிச்சத்திலும் பிரிந்து தெரியும். ஒன்று வெளிறியது, மற்றது கடுமையானது. வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்தின் அருகே இருட்டும் நேரத்தில் நடப்பவர்களிலும் வெள்ளைச் சட்டைக்காரரே தூரத்தில் தெரிவார். கருநீலச் சட்டைக்காரர் கல்லோடு கல்லாக மறைந்துவிடுவார்.

எனவே கடும் நிறப் படிக்கு வெள்ளை அல்லது இளமஞ்சள் விளிம்பு பூசுவோம். வெளிறிய சீமெந்துப் படிக்குக் கறுப்பு விளிம்பு நல்லது. ஒவ்வொரு படியிலும், கால் வைக்கும் தளத்தின் முன் ஓரத்தில், இரண்டு அங்குல அகலம் போதும். செலவு ஒரு சிறு டின் பெயின்ற். ஒரு பிற்பகல் வேலை.

செய்து பார்ப்போம்:

1. உங்கள் வாசிகசாலை, ஆலயம், பாடசாலை ஆகியவற்றின் படிகளைப் பொழுதுபடும் நேரம் சென்று பாருங்கள். கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். படத்தில் விளிம்பு தெரிகிறதா?

2. அப்படிகளில் இறங்கும் முதியவர்களிடம், எந்தப் படி அவர்களைப் பயமுறுத்துகிறது என்று கேளுங்கள்.

3. ஒருவர் விழுந்தால் அவரைக் குறை சொல்லுமுன் நாம் எதைப் பார்க்க வேண்டும்? குழுவில் கலந்துரையாடுங்கள்.