ஊரறிந்தும் வாய் திறக்காத காலம்

தீமையைக் கண்டால் கையால் தடுக்க வேண்டும், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் வெறுக்க வேண்டும். கடைசி நிலை ஈமானின் மிகப் பலவீனமான நிலை. இந்த நபிமொழியை நாம் மதரஸாப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். ஒரு நாடே அந்தக் கடைசி நிலையில் நின்றுவிட்டால் என்னவாகும்? ஹிட்லரின் ஜெர்மனியைப் பாருங்கள்.

யூதர்களை விஷவாயுவால் கொல்லத் தொடங்கும் முன்பே, 1940 முதல், மனநோயாளிகளையும் உடல் ஊனமுற்றோரையும் காப்பகங்களிலிருந்து பேருந்துகளில் ஏற்றிச் சென்று அப்படிக் கொன்றார்கள். 1941 ஆகஸ்டுக்குள் 70,000-க்கும் அதிகமானோர். (அத்தகைய பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் நம் ஜமாஅத்திலும் உண்டு, இதைப் படிப்பது அவர்களுக்கு எளிதல்ல.) வீட்டுக்கு ஓர் இரங்கல் கடிதம் வரும். குடல்வால் வீக்கத்தால் இறந்தார் என்றிருக்கும். அவருக்கோ குடல்வாலை என்றோ அறுத்து எடுத்திருப்பார்கள்! ஹாடமர் ஊரில் புகைபோக்கியின் புகையை எல்லோரும் பார்த்தார்கள். பேருந்து எதற்கு வருகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

தெரிந்தும் ஏன் பேசவில்லை? அரசைக் குறை சொன்னால் சிறை என்று 1934-லேயே சட்டம் வந்துவிட்டது. காட்டிக் கொடுத்தவர்களில் அண்டை வீட்டாரும் உடன் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். அதனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார்கள்.

1941 ஆகஸ்ட் 3 அன்று மியூன்ஸ்டர் நகரத் தேவாலயத்தில் கத்தோலிக்க ஆயர் வான் காலன் இதைக் கொலை என்றே பெயர் சொல்லிப் பேசினார். உழைக்க முடியாதவரைக் கொல்லலாம் என்றால், போரில் கை கால் இழந்து திரும்பும் சிப்பாயின் கதி என்ன, முதுமையில் நம் கதி என்ன என்று கேட்டார். மக்கள் அந்த உரையைப் பிரதி எடுத்துக் கைமாற்றினார்கள். மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 24 அன்று, விஷவாயுக் கொலைகளை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டார். ஆயரைத் தொட்டால் அந்த வட்டார மக்களையே இழக்க நேரும் என்று ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். எல்லாம் வல்லவர்களாகத் தோன்றியவர்களுக்கும் அந்தக் கணக்கு இருந்திருக்கிறது.

ஆனால் கொலை ஓயவில்லை. ஊசியாலும் பட்டினியாலும் ஓசையின்றித் தொடர்ந்தது. யூதர்களுக்காக ஆயர் இதுபோல் வெளிப்படையாகப் பேசவும் இல்லை. நம் பார்வையில் அது பெரிய குறை.

விலை கொடுத்தவர்கள் வேறு சிலர். அந்த உரையைப் பிரதி எடுத்துப் பரப்பிய லூபெக் நகரத்தின் மூன்று கத்தோலிக்கப் பாதிரியார்களும் ஒரு லூத்தரன் போதகரும் 1943 நவம்பர் 10 அன்று ஹாம்பர்க் சிறையில், சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகத் தலை வெட்டப்பட்டார்கள்.