பெயர் மாறினும் வேர் மாறாது

இத்தாலியின் டாரன்டோ நகரப் பெயரால் வழங்கிய ஓநாய்ச் சிலந்திக்கு, 1758இல் சுவீடன் அறிஞர் லின்னேயஸ் ‘அரேனியா டாரன்டுலா’ எனப் பெயரிட்டார். அவர் நூலில் சிலந்திகள் யாவும் ‘அரேனியா’ என்னும் ஒரே பேரினத்துள் அடங்கின. 1804இல் பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் ‘லைகோசா’ என்னும் பேரினத்தை வகுத்தார். ‘லைகோஸ்’ என்னும் கிரேக்கச்சொல் ஓநாயைக் குறிக்கும். அச்சிலந்தி ‘லைகோசா டாரன்டுலா’ ஆயிற்று. பேரினப்பெயர் மாறியும் சிற்றினப்பெயர் நிலைத்தது.

காலப்போக்கில் லைகோசாவிலும் நெருங்கிய உறவற்ற சிற்றினங்கள் பல சேர்ந்தன. இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை நுண்ணோக்கியில் ஒப்பிட்ட அறிஞர், அவற்றுட் பலவற்றைப் ‘பார்டோசா’, ‘ஹோக்னா’ முதலிய பேரினங்களுக்கு மாற்றினர். மாற்றத்தின் அடையாளமாக, முதலில் பெயரிட்டவரின் பெயரும் ஆண்டும் பிறைக்குறிக்குள் எழுதப்படும். இவ்விதியால், பழைய நூலைப் படிப்பவரும் இன்றைய ஆய்வேட்டைப் படிப்பவரும் ஒரே உயிரியையே அறிகின்றனர்.