கையை நீட்டினால் கடிக்கிறதே!

கேள்வி: வெளிநாடு போன தோழி, தன் காக்கட்டீல் கிளியை என்னிடம் விட்டுச் சென்றாள். அவளிடம் கொஞ்சிய கிளி என்னைக் கடிக்கிறது. என்ன செய்ய? – வாசகி, மதுரை

பதில்: வீடு, குரல், ஆள் எல்லாமே அதற்குப் புதிது. கடிப்பது பயத்தால், உங்கள் மேல் கோபமில்லை.

கொண்டையைப் பாருங்கள். நெட்டுக்குத்தாக நின்றால் திடுக்கிட்டிருக்கிறது. தலையோடு படிந்து, வாய் திறந்து ‘உஸ்’ என்றால் ‘கிட்டே வராதே’ என்கிறது. அப்போதும் கை நீண்டால்தான் கடி. தலை குனிந்து பிடரி இறகைச் சிலிர்த்தால், சொறிந்துவிடச் சொல்கிறது.

இன்னொன்று: விரலில் ஏறுமுன் அலகால் மெல்லப் பற்றிப் பார்க்கும். பிடிமானம் உறுதியா என்று சோதிக்கிறது, அவ்வளவே. பலர் இதைக் கடி என்று நினைத்துக் கையை வெடுக்கென்று இழுக்கிறார்கள். பாவம், ஆடுகிற கிளையை எந்தப் பறவை நம்பும்?

சில நாள் கூண்டுக்குள் கையே விடாதீர்கள், தீனி, தண்ணீர் வைப்பதைத் தவிர. பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். தினைக்கதிரைக் கம்பி வழியே நீட்டுங்கள். தின்னப் பழகியபின் கதவைத் திறந்து உள்ளங்கையில் வையுங்கள். அதுவாக வரட்டும். கடித்தால் கத்தாதீர்கள், அலகில் தட்டவே கூடாது. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் தேவை; டிவி ஓடும் கூடத்தில் கூண்டு வேண்டாம்.

பழகிய பிறகு திடீரென்று கடித்தாலோ, இறகை உப்பிக்கொண்டு தீனி எடுக்காமல் இருந்தாலோ அது நோயாக இருக்கலாம். அன்றே பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.