டாக்டர் குறித்த தேதியில் பிறக்குமா?

வில்லியனூர், பாகூர் பக்கத்துத் தாய்மார்களே, அட்டையில் எழுதித் தரும் பிரசவத் தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 280 நாள் கூட்டிய கணக்கு. அதே நாளில் பிறப்பவை நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்துதான். 37 வாரம் ஆனதுமே பையைத் தயாராக வையுங்கள்.

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருபவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனை நம்பலாம், ஒரு வாரம்தான் முன்பின் ஆகும். கடைசி மாத ஸ்கேன் மூன்று வாரம்கூடத் தவறும். அதனால் முதல் ஸ்கேன் தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு அட்டையோடு வையுங்கள்.

சித்திரைக்கு முன்பே பிறக்கட்டும் என்று ஆபரேஷனை முன்தள்ளச் சொல்லாதீர்கள், பாவம் குழந்தை. தேதி கடந்தும் வலி வரவில்லை என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ எந்தத் தேதியானாலும் 108-ஐ அழையுங்கள்.