ஆட்டமும் ஆவணமும்

நுழையும்முன்

ஆட்டம் முடிந்ததும் காய்கள் பலகையை விட்டு அகற்றப்படுகின்றன. அங்கு நிகழ்ந்த அறிவுப்போரும் அத்துடன் மறைந்துவிடுமா? சதுரங்க ஆட்டங்களைப் பதிந்து, பிழை நீக்கிக் காத்த தொடக்ககால மென்பொருள்களை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலம் முதலான கல்வெட்டுகள் உள்ளன. எம்மன்னனின் எந்த ஆட்சியாண்டில், யார், என்ன கொடை அளித்தார் என்பதைக் கொடைக் கல்வெட்டுகள் ஒரு முறைப்படி கூறும். அம்முறையை அறிந்தவர் பல நூற்றாண்டுகள் கடந்தும் அவற்றைப் படித்துணர்கிறார். சதுரங்க ஆட்டத்தைக் காக்க முனைந்தோர்க்கும் அத்தகைய பொது ஒழுங்கு தேவைப்பட்டது.

தாளிலிருந்து கணினிக்கு

சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. போட்டியில் ஆடுவோர் இருவரின் நகர்வுகளையும் குறிப்புத்தாளில் எழுதுவர். ஒரே கட்டத்திற்கு இரு குதிரைகளும் செல்லக்கூடும் நிலையில், எக்குதிரை சென்றது எனக் குறிக்கத் தவறினால் பின்னர்ப் படிப்பவர் தடுமாறுவார். அச்சில் ஓர் எழுத்து மாறினாலும் அதன்பின் வரும் நகர்வுகள் பொருளிழக்கும்.

1987இல் ஜெர்மனியின் மத்தியாஸ் வுல்லன்வெபர் உருவாக்கிய செஸ்பேஸ் என்னும் மென்பொருள் ஆட்டங்களைக் கணினியில் தொகுத்துத் தேட வழிசெய்தது. 1985இல் ஹாம்பர்க் அணியினர் எண்மருடன் ஒரே நேரத்தில் ஆடிய காஸ்பரோவ் 3.5 – 4.5 எனத் தோற்றிருந்தார். 1987இல் எதிராளிகளின் பழைய ஆட்டங்களை அம்மென்பொருளின் துணையுடன் ஆராய்ந்துவிட்டு ஆடியபோது, அந்நகர அணியை 7 – 1 என வென்றார்.

1993இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த பி.ஜி.என். என்னும் குறியீட்டு முறை, எந்தக் கணினியும் படிக்கத்தக்க எளிய எழுத்துவடிவில் அமைந்தது. போட்டி, இடம், நாள், சுற்று, வெள்ளைக்காய் ஆடியவர், கறுப்புக்காய் ஆடியவர், முடிவு ஆகிய ஏழு செய்திகள் அதன் முகப்பில் இடம்பெறும்; நகர்வுகள் பின்தொடரும்.

பிழை காணும் முறை

மென்பொருள் தன் நினைவகத்தில் ஒரு பலகையை வைத்து, ஒவ்வொரு நகர்வையும் அதில் நிகழ்த்திப் பார்க்கிறது. முன்னரே நகர்ந்துவிட்ட அரசர் கோட்டை கட்ட முயன்றால், விதிக்குப் புறம்பானது என மறுக்கிறது.

ஆட்டப் பதிவுகளை மட்டுமன்றி, நெடுங்காலம் நம்பப்பட்ட முடிவுகளையும் கணினி சோதித்தது. அரசரும் இரு மந்திரிகளும் ஒருபுறம். அரசரும் ஒரு குதிரையும் மறுபுறம். குதிரையுடையவர் ஆட்டத்தைச் சமன்செய்யும் காப்புநிலை ஒன்று உண்டென 1851இல் கிளிங், ஹார்விட்ஸ் ஆகியோர் கருதினர். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன், இவ்வமைப்பின் எல்லா நிலைகளையும் கணினியால் ஆராய்ந்தார். மந்திரிகளை உடையவரே பொதுவாக வெல்வார் என்பதும், அதற்கு 66 நகர்வுகள் வரை தேவைப்படலாம் என்பதும் 1983இல் புலனாயின.

கையின் கடமை

மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் ஆடக் கற்ற விசுவநாதன் ஆனந்த், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். நூலிலிருந்து கணினிக்கு மாறிய தலைமுறை அவருடையது. 2022இல் மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடின் ஆட்டங்களை இன்று ஒரு சிற்றூர் மாணவரும் கணினியில் பயில இயலும்.

எனினும் ஓர் எல்லை உண்டு. ஆடாத நகர்வொன்றை எழுதி, அதுவும் அதன்பின் வருவனவும் விதிக்கு உட்பட்டிருந்தால், மென்பொருள் அதனை ஏற்றுக்கொள்ளும். நகர்வு இயலுமா என்பதே அதன் கேள்வி. அது நிகழ்ந்ததா என்பதற்கு எழுதும் கையே பொறுப்பு. கல்லில் பொறித்தவரிடம் எதிர்பார்க்கப்பட்ட அந்நேர்மையே கணினியில் பதிபவரிடமும் வேண்டப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. நண்பருடன் ஆடும் ஓர் ஆட்டத்தின் நகர்வுகளைக் குறித்து, அதனை வேறொருவர் மீண்டும் நிகழ்த்த இயலுகிறதா எனச் சோதிக்க.
2. ‘விதிக்கு உட்பட்டது எல்லாம் உண்மையாகாது’ – பாடக்கருத்தின் அடிப்படையில் விளக்குக.