எடை குறைய எவ்வளவு உண்ண வேண்டும்?

சங்கத்தில் ஆரோக்கியம் பற்றிய கூட்டம் எது நடந்தாலும், முடிந்தவுடன் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "மாமி, எடை குறைய எதையெல்லாம் சாப்பிடக் கூடாது?" முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உணவு ஆலோசகராக இருந்துவிட்டேன். "குறைந்தபட்சம் எவ்வளவு சாப்பிட வேண்டும்?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்கான கணக்கை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கலோரி என்னும் அளவு

உணவிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் சக்தியைக் கலோரியில் அளக்கிறோம். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது, புரதமும் அப்படியே. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஆகவேதான் தாளிக்க ஊற்றும் ஒரு டீஸ்பூன் எண்ணெயிலேயே 45 கலோரி இருக்கிறது.

செலவுப் பக்கத்தில் பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. நாம் அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. இதற்கு ஆகும் செலவை அடிப்படைச் செலவு என்கிறோம். நடை, சமையல், அலுவலக வேலை எல்லாம் இதற்கு மேல்தான்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரியும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1660 கலோரியும் தேவை.

ஓர் உதாரணம்

நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. அவருடைய அடிப்படைச் செலவு ஏறக்குறைய 1250 கலோரி. வீட்டு வேலை, அலுவலகம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 1750 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7700 கலோரிச் சேமிப்பு. இவர் நாளுக்கு 1350 கலோரி உண்டால் 400 மிச்சமாகிறது. முக்கால் மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் மேலும் சுமார் 150 செலவாகும். மொத்தம் 550. ஏழு நாளுக்கு 3850. அதாவது வாரத்துக்கு அரைக் கிலோ. தொடக்கத்தில் இந்த வேகம் இருக்கும். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால் பிறகு சற்று மெதுவாகும்.

"அரைக் கிலோதானா?" என்று முகம் வாடுகிறவர்கள் உண்டு. ஆனால் பாதுகாப்பான வேகம் என்று 2024ஆம் ஆண்டு வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி சொல்வதும் இதே வாரத்துக்கு அரைக் கிலோதான். எடை குறைப்பு உணவு எதுவாயினும் 1000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் அது எச்சரிக்கிறது. நடைமுறையில் எங்களைப் போன்றவர்கள் பெண்களுக்கு 1200, ஆண்களுக்கு 1500 என்பதைத் தரைமட்டமாக வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே போக வேண்டுமானால் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு வேண்டும்.

இரண்டு பக்கமும் வெட்டினால்?

சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனிச் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். மகன் திருமணத்துக்குள் பத்துக் கிலோ குறைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இரண்டு காபி, இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் வெள்ளரிக்காய், ஒரு கிண்ணம் பருப்பு. ஒரு நாள் உணவு அவ்வளவுதான். காலையில் பூங்காவில் ஒன்றரை மணி நேர நடை வேறு. முதல் மாதத்தில் எடை மளமளவென்று இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. உடனே ஒரு சப்பாத்தியைக் குறைத்தார். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. படி ஏறினால் கண் இருட்டியது. ஒரு நாள் மெட்ரோ நிலையப் படிகளில் மயங்கி உட்கார்ந்த பிறகுதான் மகள் அவரை அழைத்து வந்தாள்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். உண்டது 800 கலோரிக்கும் குறைவு. நடையில் 300 போய்விடுகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது 500. அவை கேட்பதோ 1200க்கு மேல்! உடல் கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிக்காது. தசையையும் கரைக்கும், தைராய்டு சுரப்பின் வேலையைத் தணித்துச் சிக்கனம் பிடிக்கும். இளம் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும் உண்டு. மிக வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் உண்டாகலாம். முதல் சில நாட்களில் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

அவருக்கு உணவைக் கூட்டினேன், நடையைப் பாதியாக்கினேன். "மாமி, சாப்பிடச் சொல்றீங்களே, எடை ஏறாதா?" என்றார். முதல் வாரம் ஒரு கிலோ ஏறத்தான் செய்தது. பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. திருமணத்துக்குள் அவர் நினைத்த பத்துக் கிலோ குறையவில்லை. ஆனால் முகூர்த்தத்திலிருந்து வரவேற்பு வரை நின்று எல்லோரையும் உபசரித்தார்.

ஒரு பழைய ஆராய்ச்சி

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45இல் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார். 24 வாரங்களுக்கு அவர்களுக்குத் தரப்பட்டது நாளுக்குச் சுமார் 1570 கலோரி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். நமக்கு அது பெரிய பட்டினியாகத் தோன்றாது. ஆனால் அதற்கு முன் சுமார் 3200 கலோரி உண்டுவந்த அவர்களுக்கு அது பாதி உணவு. எடையில் கால் பங்கு கரைந்தது. இதயத் துடிப்பு மந்தமானது. வெயில் காலத்திலும் குளிர் தாங்கவில்லை. எந்நேரமும் உணவைப் பற்றியே நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். எரிச்சலும் சோர்வும் மனத்தை வாட்டின. ஆக, ஒருவருக்குப் போதுமான அளவு இன்னொருவருக்குப் பட்டினியாகலாம். உழைப்பையும் உடலையும் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும்.

நம் சமையலறையில் 1350

காலை: மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு காபி (340). பதினொரு மணிக்கு ஒரு கொய்யா (50). மதியம்: 60 கிராம் அரிசிச் சாதம், 30 கிராம் பருப்புப் போட்ட குழம்பு, நிறையக் காய், இரண்டு டீஸ்பூன் எண்ணெய், ஒரு சிறு கிண்ணம் தயிர் (505). மாலை: சர்க்கரை இல்லாத டீ, 30 கிராம் கடலையில் செய்த சுண்டல் (135). இரவு: நெய் தடவாத இரண்டு புல்கா, 20 கிராம் பருப்பு, ஒரு சப்ஜி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் (315). மொத்தம் 1345. அரிசி, பருப்பு, கடலை அளவுகள் வேகவைப்பதற்கு முன் எடுத்தவை. இதில் புரதம் 45 கிராமுக்குக் குறையாது. பருப்பையும் தயிரையும் வெட்டினால் தசை போகும். அவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.

உடற்பயிற்சிக்கு வாரத்துக்கு 150 நிமிட நடை போதுமான தொடக்கம். வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் அதில் சேரும். தீபாவளி முடிந்து தில்லிக் காற்று புகையாக இருக்கும் நாட்களில் பூங்காவுக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே செய்யலாம். ஒரு நாள் இரண்டு மணி நேரம் நடந்தால் அன்று ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் கூடுதலாகச் சாப்பிடுங்கள்.

யார் தாமாகச் செய்யக் கூடாது?

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்து நடையைக் கூட்டினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். வேர்த்து, கை நடுங்கினால் நடையை நிறுத்தி உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளை "எனக்குப் பசிக்கல" என்று தினமும் இரவு உணவைத் தள்ளினால், பாராட்டாமல் காரணத்தை விசாரியுங்கள்.

வீட்டுப் பாடமாக ஒன்று தருகிறேன். இந்த வாரம் மூன்று நாட்கள், உண்பதை எல்லாம் எண்ணெய் உட்பட ஒரு நோட்டில் எழுதுங்கள். நடந்த நிமிடங்களைப் பக்கத்தில் குறியுங்கள். 1200க்குக் கீழே இருக்கும் பெண்களும், 1500க்குக் கீழே இருக்கும் ஆண்களும் முதலில் உணவைக் கூட்டுங்கள். பிறகு நடையைப் பற்றிப் பேசுவோம்.