கம்பைலரிடம் விட்டுவிட வேண்டிய வேலை

ஜாவாவில் பல ஆண்டுகள் நிரல் எழுதிய பிறகு கோட்லினுக்கு வந்தேன். இரண்டும் ஓடுவது ஒரே ஜேவிஎம்மில்தான். அதே குழு, அதே மாதிரி வேலை. இருந்தும் எங்கள் கிளாஸ்களின் வடிவமே மாறிப்போனது. நல்ல வடிவமைப்பு புரோகிராமரின் ஒழுக்கத்தில் இருக்கிறது, மொழி வெறும் கருவி என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. மொழி எதைச் சுலபமாக்குகிறதோ, வேலை நெருக்கடியில் எல்லோரும் அதைத்தான் செய்வோம்.

இன்ஹெரிட்டன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் 'ஃபைனல்' என்று குறிக்காத கிளாஸைப் பொதுவாக யாரும் நீட்டிக்கலாம். இந்தத் தாராளம் ஜாவாவின் சொந்த நூலகத்தையே பதம் பார்த்திருக்கிறது. அதிலுள்ள ஸ்டாக், வெக்டரின் வாரிசு. கடைசியில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும் என்பதுதான் ஸ்டாக்கின் விதி. ஆனால் வெக்டரிடமிருந்து வந்த மெத்தட்களைக் கொண்டு நடுவில் எங்கு வேண்டுமானாலும் எதையும் செருகலாம். ஜோஷுவா பிளாக், 2001-இல் வெளியான 'எஃபெக்டிவ் ஜாவா'வில் இன்னும் கூர்மையான உதாரணம் தருகிறார். எத்தனை பொருள்கள் சேர்ந்தன என்று எண்ணுவதற்காக ஹாஷ்செட்டை நீட்டித்து 'ஆட்', 'ஆட்ஆல்' இரண்டையும் ஓவர்ரைடு செய்கிறோம். 'ஆட்ஆல்' வழியாக மூன்றைச் சேர்த்தால் எண்ணிக்கை ஆறு என்று வருகிறது. ஹாஷ்செட்டின் 'ஆட்ஆல்' உள்ளுக்குள் 'ஆட்' மெத்தட்டையே அழைப்பதுதான் காரணம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எளிதில் தெரியாது.

நீட்டிப்பதைவிட உள்ளே வைத்துப் பயன்படுத்துவதே மேல் என்று பிளாக் அப்போதே சொன்னார். ஜாவாவில் அப்படிச் செய்யப் போனால் ஒவ்வொரு மெத்தட்டுக்கும் அழைப்பைக் கடத்திவிடும் வரியை நாமே எழுத வேண்டும். 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்பதோ ஒரே சொல். கோட்லின் இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. 'ஓப்பன்' என்று வெளிப்படையாக எழுதினால்தான் சாதாரண கிளாஸை நீட்டிக்க முடியும். அழைப்பைக் கடத்திவிட 'பை' என்ற ஒரு சொல் போதும். கோட் ரிவ்யூவில் 'ஓப்பன்' என்ற சொல்லைப் பார்த்தால் ஏன் என்று கேட்பேன். பெரும்பாலும் அது நீங்கிவிடும்.

அடுத்தது 'நல்'. 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக இதைக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009-இல் தன்னுடைய நூறு கோடி டாலர் பிழை என்று இதையே குறிப்பிட்டார். கோட்லினில் ஸ்ட்ரிங் ஒரு டைப், கேள்விக்குறி போட்ட ஸ்ட்ரிங் வேறு டைப்; 'நல்' இரண்டாவதில் மட்டுமே இருக்கலாம். ஓடும்போது வெடிக்கும் பிழை குறைவது தெரிந்த பலன். நான் அதைவிடப் பெரிதாகக் கருதுவது வேறு: கேள்விக்குறி போடுவதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே, தொலைபேசி எண் இல்லாத வாடிக்கையாளர் இருக்கலாமா என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. 'இது நல் இல்லை' என்று அடித்துச் சொல்லும் இரட்டை ஆச்சரியக்குறி போட்டு அந்தக் கேள்வியை வாயடைக்காதீர்கள். ஜாவா நூலகத்திலிருந்து வரும் மதிப்புகளுக்கு இந்தக் காவல் முழுமையாக இல்லை. அவற்றை எல்லையிலேயே சோதித்துவிடுங்கள்.

எனக்கு அதிகம் உதவியது 'சீல்டு' கிளாஸ்: அதன் வாரிசுகள் யார் யார் என்பது கம்பைலருக்கு முன்கூட்டியே தெரியும். ஓர் ஆர்டருக்குப் பணம் கட்டிய தேதி, ரத்துக்கான காரணம், இரண்டு மூன்று பூலியன்கள் என்று எல்லாவற்றையும் ஒரே கிளாஸில் வைத்தால், பணம் கட்டாமலே அனுப்பப்பட்ட ஆர்டர் என்ற விபரீதமும் உருவாகலாம். ஒவ்வொரு நிலையையும் ஒரு சீல்டு கிளாஸின் வாரிசாகத் தனி கிளாஸாக்கி, பணம் கட்டிய நிலைக்கு மட்டும் ரசீது எண்ணைக் கொடுங்கள். நாளை 'பணம் திருப்பித் தரப்பட்டது' என்ற நிலை சேர்ந்தால், அதைக் கையாளாத 'வென்' (கோட்லினின் ஸ்விட்ச்) ஒவ்வொன்றையும் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். ஒரு நிபந்தனை: அங்கே 'எல்ஸ்' எழுதக் கூடாது. எழுதினால் புதிய நிலை அதற்குள் சத்தமின்றி விழுந்துவிடும்.

ஜாவாவை விட முடியாத குழுக்களும் சோர வேண்டாம். சீல்டு கிளாஸ்கள் 2021-இல் ஜாவா 17-இலும், அவற்றை முழுமையாகச் சரிபார்க்கும் ஸ்விட்ச் 2023-இல் ஜாவா 21-இலும் நிலைபெற்றுவிட்டன. ஓவர்ரைடு குறியீடு 2004 முதலே இருக்கிறது. அதை விட்டுவிட்டு 'ஈக்வல்ஸ்' மெத்தட்டில் ஆப்ஜெக்டுக்குப் பதில் உங்கள் கிளாஸின் பெயரைப் போட்டால், ஹாஷ்செட் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

உங்கள் குழுவில் அண்மையில் மூடிய பக்குகளின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கம்பைலர் மறுத்திருக்கக்கூடியவை எவை என்று குறியுங்கள். அடுத்த வடிவமைப்புக் கூட்டத்தை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.